முகப்பில் மல்லாந்த மீன்கள்

பட்டுக்கோட்டை மீன் வியாபாரி ஒருவர், தன் புது வீட்டின் வளைந்த முகப்பு முழுக்க மீன் வடிவ ஓடுகள் கேட்டிருந்தார். வீட்டை வடிவமைக்கும் நான் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு மீனை வரைந்துவிட்டு, மீதியைச் சாஃப்ட்வேரே நிரப்பட்டும் என்று விட்டுவிட்டேன். இன்று பெருமையாகக் காட்டினேன்.

அவர் மனைவி லேப்டாப்பை எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், பாதி மீன் மல்லாந்து கெடக்கு? செத்த மீனையா வாசல்ல பதிக்கப் போறீங்க?"

வேலை கைநழுவும் போலிருந்தது.

வளைந்த முகப்பைச் சாஃப்ட்வேர் பிரித்த ஒவ்வொரு துண்டும் தன்னிஷ்டத்துக்கு ஒரு திசை வைத்திருந்ததுதான் கோளாறு. திரையில் சுவர் நெடுக ஒரு கோடு இழுத்து, எல்லா மீனும் முதுகு மேலாக அதையொட்டியே போகும்படி செய்தேன்.

"இப்ப எல்லா மீனும் வாசலை விட்டுத் தெருப் பக்கமா ஓடுதே. உள்ள வர்ற மாதிரி திருப்புங்க."

கோட்டின் திசையைத் திருப்பினேன். மொத்தக் கூட்டமும் வாசலைப் பார்த்து வந்தது.

"ம், இப்பக் கட்டுங்க."

ராத்திரி டிபன் விஷயத்தில் என் வீட்டு நாலு பேரையும் ஒரே பக்கம் திருப்ப, கோட்டை எங்கே இழுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.