இன்னும் ஒரு விரல் உயரம்

சண்டை முடிந்து ஊர் திரும்பிய வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவனிடம் வாங்கிய ரேஸ் சைக்கிள் அது. கிடாக்கொம்பு மாதிரி ஹாண்டில் கீழ்நோக்கி வளைந்திருக்கும். வாங்கியவர் மாதுங்காவாசி, குர்லாவில் ஒரு மில் ஆபீஸில் குமாஸ்தா. நான் தாராவியில் சைக்கிள் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுல ஏறினா ஆபீஸ் போறேனா, அங்கப்பிரதட்சணம் பண்றேனான்னே தெரியலைப்பா. கழுத்து ஒடியறது. ஹாண்டிலைக் கொஞ்சம் தூக்கி வையேன்" என்றார்.

தூக்கினேன். உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு விரல்" என்றார்.

ஹாண்டிலைத் தாங்கும் தண்டு ரெண்டு அங்குலமாவது குழாய்க்குள் நிற்கணும். இன்னும் ஒரு விரல் தூக்கினால் அந்த அளவு நிற்காது, பிடிமானம் போய்விடும். எனக்குத் தெரியும். ஆனால் இங்கிலீஷ் படித்த மனுஷரிடம் அஞ்சாங்கிளாஸோடு நின்றவன் எப்படிக் கூடாது என்பது? 'உனக்கு என்ன தெரியும்' என்று கேட்டுவிட்டால்? பேசாமல் தூக்கி முறுக்கிக் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்கு முழுக்க அவர் ஆபீஸ் போகிற வழியிலுள்ள சயான் மேடு, பின்னால் வரும் லாரி, அவர் பெண்டாட்டி பிள்ளைகள் என்று நினைப்பு எங்கெங்கோ ஓடிற்று. மறுநாள் காலை அவர் பில்டிங் வாசலில் போய் நின்றேன். "எண்ணெய் விட மறந்துட்டேன் சார்" என்று சொல்லி, ஹாண்டிலைப் பழையபடி இறக்கினேன்.

பார்த்துவிட்டார். "ஏம்ப்பா இறக்கறே? நேத்திக்குத்தான் வலியில்லாம போனேன். உனக்கு நல்ல கைராசின்னு ஆத்துல சொல்லிண்டிருந்தேன்."

கைராசி என்றவரிடம் நேற்று செய்தது தப்பு என்று எப்படிச் சொல்வது? "சும்மா செக் பண்ணினேன் சார்" என்று மறுபடி தூக்கி வைத்தேன். என் கையாலேயே.

மூன்றாம் நாள் தாடையில் பிளாஸ்திரியோடு, சைக்கிளைத் தோளில் சுமந்து வந்தார். ஹாண்டில் பிடுங்கிக்கொண்டு பிரேக் வயரில் தொங்கிற்று.

"மேட்டுல பலமா இழுத்துட்டேம்ப்பா. என் தப்புதான். உன் வேலையைக் கெடுத்துட்டேன்."

"பார்த்து ஓட்டணும் சார்" என்றேன் நான். அதையும் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார்.

தண்டை ஆழமாக இறக்கி முறுக்கினேன். அப்புறம் சீட்டை ரெண்டு விரல் முன்னால் தள்ளினேன். ஹாண்டிலைச் சற்று மேல்நோக்கித் திருப்பினேன்.

ஏறி உட்கார்ந்தவர், "அட, இப்போ கைக்கு எட்டறதே! கழுத்தும் இழுக்கலை" என்றார்.

எட்டாத ஹாண்டிலை எட்டிப் பிடித்துத்தான் அவருக்குக் கழுத்து வலித்திருக்கிறது. ரெண்டு நிமிஷ வேலை. கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் நாளே இந்த வழியை யோசித்திருப்பேன்.

அவர் நன்றி சொன்னபோது நான் நிமிரவில்லை. நன்றாக இருந்த டயருக்கே குனிந்து காற்றடித்துக்கொண்டிருந்தேன்.