அப்பாவுக்குப் பிடிக்காத வாழைக்காய்

எங்கள் நொச்சிக்குப்பத்துக் காக்கைகளுக்கு ஒரு நாளும் பசித்ததில்லை. சாலையோரம் பலகை போட்டு மீன் விற்பார்கள். அங்கே வெட்டி வீசும் தலையும் குடலும் விடிந்ததிலிருந்தே அவற்றுக்கு விருந்து. பிள்ளைகளே, நீங்கள் பிஸ்கட்டைக் காட்டினால் ஓடி வருகிற காக்கைகள் இல்லை அவை. தொப்பை வைத்த காக்கைகள். இதை முதலில் தெரிந்துகொண்டால்தான் நான் சொல்லப்போவது விளங்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு எட்டு வயது. முந்தின வருஷம் ஐப்பசி மழையில் கடலுக்குப் போன என் அப்பா திரும்பி வரவில்லை. கட்டுமரம் மட்டும் சாந்தோம் பக்கம் ஒதுங்கியது. உடல் கிடைக்கவில்லை. ஆந்திராக் கரையில் யாரையோ காப்பாற்றி வைத்திருக்கிறார்களாம் என்று ஒரு பேச்சு வந்தது. அம்மா பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். அது வேறு யாரோ. அதற்குப் பிறகும் நெற்றியில் பொட்டோடுதான் மீன் விற்கப் போனாள். யாராவது ஜாடையாகப் பேசினால், "ஆளு இல்லேன்னு யாரு பாத்தது?" என்று கேட்பாள்.

வருஷம் திரும்பியது. முதல் வருஷப் படையலை நடத்தியே தீருவது என்று அப்பாவின் அக்கா வந்து உட்கார்ந்துவிட்டார். இந்த அத்தைக்கு மயிலாப்பூர் மாடவீதி வீடுகளில் பாத்திரம் தேய்க்கிற வேலை. அங்கே திவசம் எப்படி நடக்கிறது என்று பல காலமாகப் பார்த்தவர். அதனால் கவுச்சி கூடாது என்றார். வாழைக்காய்க் கறி, பருப்பு, பாயசம். எங்கள் வீட்டில் மீன் வாசம் இல்லாமல் அடுப்பு எரிந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டு மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரில் இலையை வைத்தார்கள். மூத்த பிள்ளை நான்தான் கூப்பிட வேண்டும். காக்கை வாய் வைத்த பிறகுதான் வீட்டில் யாரும் வாய் வைக்கலாம். "கா... கா..." என்று கத்தினேன். கடைசியில் ஒன்று வந்தது. வாழைக்காயைத் தலை சாய்த்துப் பார்த்தது. அலகைச் சுவரில் இரண்டு இழுப்பு தீட்டிக்கொண்டு மீன் பலகைப் பக்கமாகப் பறந்துவிட்டது.

"எங்கண்ணன் உசுரோட இருந்தப்பவே வாழக்காயக் கண்டா எய்ந்து போய்டும்," என்றார் சித்தப்பா. "இப்ப மட்டும் வந்து துன்னுமா?"

"வாய மூட்றா," என்றார் அத்தை. "காக்கா எடுத்தாதான் தம்பி போய்ச் சேந்துச்சுன்னு அர்த்தம்."

"எடுக்கலேன்னா?" என்று அம்மா கேட்டாள்.

அத்தை இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விட்டார். அம்மா கடலைப் பார்த்து நின்றுகொண்டாள். பிறகு வந்த ஒவ்வொரு காக்கையும் திரும்பிப் போகப் போக அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. எனக்கோ கோபம். கத்திக் கத்தித் தொண்டை போனது எனக்கல்லவா?

"புள்ளைக்காவது ஒரு வாய் குடுக்கா," என்று சித்தப்பா கேட்டுப் பார்த்தார். சோறு வைத்த பிள்ளையே எப்படித் தின்னும் என்று அத்தை மறுத்துவிட்டார்.

வெயில் சாய்ந்ததும் அத்தையே மனம் இறங்கினார். "போனாப் போவுது, ரெண்டு மீன வறுத்து வைங்க. சாமி கண்ண மூடிக்கும்."

சித்தப்பா உடனே எழுந்தார்.

"யாரும் ஒண்ணும் வைக்க வேணாம்! வர்லேன்னா வுட்டுடுங்க!"

அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. எழுந்த சித்தப்பா அப்படியே குந்திவிட்டார். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. "எம்மா, பசிக்குதும்மா," என்று அழ ஆரம்பித்தேன்.

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு கடலைப் பார்த்தாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். சாலையோரப் பலகையில் அவள் ஒரு கை நெத்திலி வாங்குவது மாடியிலிருந்து தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் வறுவல் வாசம் வந்தது. சுடச்சுடக் கொண்டுவந்து நாலு நெத்திலியைத் தன் கையாலேயே இலையில் வைத்தாள். என்னைக் கூப்பிடச் சொல்லவில்லை. நானாகத்தான் கூப்பிட்டேன். பாதிதான் கூப்பிட்டிருப்பேன், ஒரு காக்கை சர்ரென்று இறங்கி, ஒட்டியிருந்த சோற்றோடு நெத்திலியைக் கொத்திக்கொண்டு போனது.

"எம்மா, அப்பா வந்துட்டாரு! அப்பா துன்ட்டாரு!" என்று குதித்தேன். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதார். சித்தப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அம்மா அழவில்லை. "ஆமா நைனா, வந்துட்டாரு. வா, நீ துன்னு," என்று அங்கேயே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள். உருட்டி உருட்டி என் வாயில் வைத்தாள். பசியில் அது அவ்வளவு ருசியாக இருந்தது. நாலு நெத்திலியில் முடிந்துபோகிற வேலை. இதை அம்மா ஏன் காலையிலேயே செய்யவில்லை என்று யோசித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.