களிக்காகக் கனடாவை விட்டவர்

மாரண்டஹள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கி நவநீதன் வீடு எங்கே என்று கேட்டால் யாரும் உடனே வழி சொல்ல மாட்டார்கள். "களிக்காகக் கனடாவ வுட்டுட்டு வந்தாரே, அவரு வூடுங்களா?" என்று முதலில் கேட்பார்கள். ஆமாம் என்று தலையாட்டினால்தான் கை நீளும்.

ஓசூரில் ஒரு ஹோட்டலுக்குக் காய் நறுக்கப் போனவர் நவநீதன். அங்கிருந்து பெங்களூரு, பிறகு கப்பல் சமையலறை, கடைசியில் கனடா. ஆளில்லாத கோதுமைக் காட்டின் நடுவே, நெடுஞ்சாலையோரத்து உணவகம் ஒன்றில் காலைச் சமையல் அவர் பொறுப்பு. பன்னிரண்டு வருடம் லாரி ஓட்டுநர்களுக்கு முட்டை பொரித்தார், உருளைக்கிழங்கு மசித்தார், தோசை மாதிரி ஒன்றைத் தடிமனாகச் சுட்டு அதன் தலையில் சர்க்கரைப் பாகை ஊற்றினார்.

ஞாயிறுதோறும் வீட்டுக்கு வீடியோ கால் வரும். அவர் மனைவி நிர்மலாதேவி அத்தை, போனை மாவு டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டுக் கேழ்வரகுக் களி கிண்டுவார். துடுப்பு சுழல்வதையும் உருண்டை திரள்வதையும் பார்த்தபடி அவர் அந்தப் பக்கத்திலிருந்து புலம்புவார். "இதுக்கு ஈடு ஏதுடி? இங்க திங்கறதெல்லாம் தவுடு, வெறுந் தவுடு!" அடுத்த வீட்டில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருக்கும் எனக்கே வரி விடாமல் கேட்கும் என்றால் தெருவுக்குக் கேட்காதா?

போன ஆடியில் அவர் ஒரேயடியாக ஊர் திரும்பினார். ஏன் வந்தார் என்று கேட்டவர்களுக்கு அவர் வாயைத் திறக்கும் முன்பே அத்தை பதில் சொல்லிவிட்டார். "வேற எதுக்கு? என் களிக்குத்தான்."

முதல் நாள் சாப்பாட்டைப் பார்க்கத் தெருவில் பாதி கூடியது. கிண்ணம்போலக் குழித்த உருண்டை, குழிக்குள் அவரைக்கொட்டைச் சாறு. எங்கள் பக்கத்தில் களியை யாரும் மெல்லுவதில்லை. கிள்ளி, சாற்றில் தோய்த்து, நாக்கில் வைத்து அப்படியே உள்ளே அனுப்பிவிட வேண்டும். நடக்கப் பழகும் குழந்தைகூடப் பல் படாமல் விழுங்கும். நவநீதன் மாமா கிள்ளினார், தோய்த்தார், வாயில் வைத்தார். அவருடைய தாடை ஒருமுறை அசைந்தது. பிறகு இன்னொரு முறை.

மென்றுவிட்டார்! கூட்டம் அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனித்தது நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசியில் ஒருநாள், எங்கள் தக்காளித் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தேன். கரண்ட் வரவில்லை. வரப்பில் உட்கார்ந்து கவிதைப் புத்தகத்தைப் பிரித்தால், பக்கத்தில் மாமாவின் மோட்டார் ரூமிலிருந்து வெண்ணெய் வாசம். கவிதையைவிட அது நன்றாக இருந்ததால் எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே குட்டி கேஸ் அடுப்பு. மாமா ஒரு பாத்திரத்தில் எதையோ பாசத்துடன் மசித்துக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டியா? உள்ள வந்து கதவச் சாத்து அர்ச்சுனா."

"என்னங்க மாமா இது?"

"உருளக்கெழங்கு, வெண்ண, பாலு, உப்பு, மெளகு. அவ்ளோதான். இதத் திங்காம பொழுது போவ மாட்டேங்குதுடா."

"அத்தைகிட்டச் சொன்னா வூட்லயே செஞ்சு தருவாங்களே."

"எந்த வாயில சொல்றது? பன்னெண்டு வருசமா தவுடுன்னு சொன்ன இதே வாயிலயா? அவ சந்தோசப்படட்டும்னு போன்ல ரெண்டு வார்த்த சேத்துச் சொன்னேன். அது ஊர்க்கதையா ஆயிப்போச்சு. உங்கத்த அதக் கிரீடமாட்டம் தலைல வெச்சுக்கிட்டுச் சந்தைக்குப் போயிட்டு வர்றா. கழட்டிக் கீழ வைன்னு சொல்லச் சொல்றியா?"

நான் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தேன்.

"பேருதான் அர்ச்சுனன். வாயத் தொறந்தா காத்துதான் வருது. அதுவும் நல்லதுதான், வெளிய சொல்ல மாட்ட," என்று அவரே முடிவுக்கு வந்து ஒரு கரண்டி நீட்டினார்.

சாப்பிட்டேன். கடைசி வரியை எழுதாமல் விட்ட கவிதைபோல இருந்தது. காரம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவேயில்லை.

"காரம் இல்லைங்களே மாமா."

"அங்க சமைக்கறவன் பாதிதாண்டா சமைப்பான். மீதிய, திங்கறவன் மேசை மேல இருக்கற மெளகு, சாஸ் எல்லாம் போட்டு அவனவன் நாக்குக்கு முடிச்சுக்குவான். இங்க அப்பிடியா? நம்ம வூட்டுப் பொம்பளைங்க நாம முழுங்கற வரைக்கும் பக்கத்துல நின்னு சமைப்பாங்க. 'சாறு ஊத்திக்கங்க, கீரையத் தொட்டுக்கங்க'ன்னு." இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டார். "அமெரிக்காவோட தெக்குப்பக்கத்துல இருந்து ஒருத்தன் எங்க ஓட்டலுக்கு லாரி ஓட்டிக்கிட்டு வருவான். வெள்ளச் சோளக் குருணையில களி கிண்டச் சொல்லுவான். வெண்ணயப் போட்டுக் கரண்டியால திம்பான்."

"களியக் கரண்டியாலயா!"

"மென்னு வேற திம்பான். அவங்கூட ஒக்காந்து தின்னு தின்னு எனக்கும் பல்லு போட்டே பழகிப்போச்சு. இப்போ முழுங்க வரல. தொண்ட மறந்துட்டுது."

அதற்குப் பிறகு அவர் பாடு திண்டாட்டம்தான். காலையில் தோட்டத்தில் உருளைக்கிழங்கு, மத்தியானம் வீட்டில் களி. போதாததற்கு வீட்டில் உருண்டை வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. ஐப்பசியில் எலுமிச்சை அளவு கூடியது, மார்கழியில் தேங்காயை எட்டிவிட்டது. "மனுசன் எளைச்ச மாதிரி தெரியறாரு," என்று அத்தை என் அம்மாவிடம் கவலைப்பட்டபோது, இளைத்த மனுஷர் வேட்டியை வயிற்றுக்குக் கீழே எங்கே கட்டுவது என்று தெரியாமல் எங்கள் வாசலைக் கடந்துகொண்டிருந்தார்.

பொங்கல் விளையாட்டுக்கு நோட்டீஸ் ஒட்டினார்கள். கோலம், உறியடி, அப்புறம் களி விழுங்கும் போட்டி. மென்றால் அவுட். அத்தை தானே போய் மாமாவின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். "கனடாவையே ஒதறிட்டு வந்தவரு. அவர வுட்டா யாரு?"

மோட்டார் ரூமில் பயிற்சி தொடங்கியது. களியை நேரடியாக விழுங்க அவருக்குப் பயம். மசித்த உருளைக்கிழங்கு வழுக்கும், அதில் தொண்டையைப் பழக்கிவிட்டுப் பிறகு களிக்குப் போகலாம் என்று திட்டம். நான் உருட்டித் தர வேண்டும், தாடை அசைந்தால் "மாமா!" என்று அதட்ட வேண்டும். என் வாழ்க்கையில் நான் குரல் உயர்த்திய வேலை அது ஒன்றுதான்.

போகிக்கு முந்தின நாள், பெரிய உருண்டை ஒன்றை உள்ளே தள்ளி, கண்கள் பிதுங்க அவர் உட்கார்ந்திருந்தபோது கதவு திறந்தது. தூக்குவாளியுடன் அத்தை.

"என்னங்க, களி வெளுத்துப்போச்சு?"

அவர் கையால் தொண்டையைக் காட்டினார். அத்தை என் பக்கம் திரும்பினார்.

"உருளக்கெழங்குங்க அத்த," என்றேன்.

"அது தெரியுது. தெனமும் சட்டையில வெண்ண வாசம் வருது, எங்கிருந்து வரும்? வந்த அன்னைக்கே பல்லப் போட்டீங்க. நான் பாக்கலன்னு நெனச்சீங்களா? என்னைக்கித்தான் தொறந்து சொல்லுவீங்கன்னு உருண்டையப் பெருசாக்கிப் பாத்தேன். அசையல. அதான் போட்டியில பேரக் குடுத்தேன்."

மாமா ஒருவழியாக விழுங்கினார். மெல்லாமல்! பயத்தில் தொண்டைக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது போலும்.

"கோவமாடி?"

"கோவப்பட எனக்கு என்ன யோக்கியத? ஞாயித்துக்கெழம மட்டுந்தான் எங்க வூட்ல களி, அதுவும் போன்ல காட்டறதுக்கு. போன வெச்சதும் எதுத்த வூட்டுக் குள்ளம்மாளுக்குக் குடுத்துருவோம். நானும் காவியாவும் இட்லி தின்னுட்டுப் படுத்துக்குவோம். இப்போ தெனமும் கிண்டிக் கிண்டி என் தோளுதான் எறங்கிப்போச்சு."

காவியா அவர்கள் மகள். இப்போது ஓசூரில் வேலை. அவளும் ஒரு வார்த்தை விட்டதில்லை.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்த்தேன். அத்தைதான் முதலில் சிரிப்பை நிறுத்தினார். "ஆனா ஊருக்குத் தெரியக் கூடாதுங்க. எல்லார் வூட்லயும் என் களிய வெச்சுத்தான் மருமவளத் திட்டறாங்க. இப்போ போயி இல்லைன்னா என் தல எங்க நிக்கும்? பேரு குடுத்தது குடுத்ததுதான். நான் பாத்துக்கறேன்."

பொங்கலன்று மேடைக்கு முன்னால் அத்தை மாமாவைக் கொண்டுவந்து நிறுத்தினார். மோவாயைச் சுற்றித் தலை உச்சியில் முடிச்சுப் போட்ட துண்டு, கன்னத்தில் மஞ்சள் பற்று. கட்டுக்கு உள்ளே மாமா பரிதாபமாக முழித்தார்.

மைக்கில் இருந்தவர் டீக்கடைக்காரர் மாது. "நவநீதண்ணனுக்கு என்னாச்சுங்க அக்கா?"

"பல்லு வலி மாது. கடவாப்பல்லு. களின்னா உசுரு மனுசனுக்கு. இன்னைக்கின்னு பாத்து இப்பிடி." அத்தை முந்தானையைக் கண்ணருகே கொண்டுபோனார்.

மாது யோசித்தார். மைக்கை மூடாமலே யோசித்தார்.

"ஏனுங்கக்கா, களி முழுங்கறதுக்குப் பல்லு எதுக்குங்க?"

கேள்வி குழாய் ஸ்பீக்கர் வழியாகத் தெருக்கோடி வரை போனது. அப்புறம் கூட்டம் சிரித்த சிரிப்பில் உறிப்பானை ஆடியது. அத்தை சிரிக்கவில்லை. வலது கை தானாக உயர்ந்து தலையைத் தொட்டு, பூவைச் சரிசெய்வதுபோல அங்கேயே நின்றது.

அதை மாமாவும் பார்த்தார். துண்டை அவிழ்த்தார். மேடையேறி, ஓர் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, களியைக் கிள்ளித் தோய்த்து வாயில் வைத்து, ஊரறிய மென்றார். நிதானமாக, இரண்டு கன்னத்துக்கும் மாற்றி மாற்றி.

"அவுட்டு!" என்றார் மாது.

"அவுட்டாவே இருக்கட்டும். மென்னா நல்லாத்தான்யா இருக்கு."

"அப்போ களிக்காக வந்தேன்னது?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

குள்ளம்மாள் எழுந்தார். "களிக்காக வர்றதுன்னா நாந்தான் கனடாவுல இருந்து வந்திருக்கணும்! பன்னெண்டு வருசமா ஞாயித்துக்கெழமக் களியத் தின்னவ நானு!"

மறுபடியும் சிரிப்பு. அத்தை நேராகப் போய் மாதுவிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"களிக்கு வரல. எனக்கு வந்தாரு. போதுமா? இனிமே மருமவளுங்களத் திட்டறதுன்னா அதச் சொல்லித் திட்டுங்க."

விசில் பறந்தது. மேடையில் மாமா மெல்லுவதை நிறுத்திவிட்டு வெட்கப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

இப்போது அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் மாமாவுடையது. நடுவில் வெள்ளையாக உருளைக்கிழங்கு, பக்கத்தில் குழிக்கரண்டியில் கடுகும் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்தது. மீதியை அவரவர் முடித்துக்கொள்ள வேண்டும். அத்தை குழிக்கரண்டி முழுவதையும் தன் தட்டில் கவிழ்த்துக்கொள்வார். போன வாரம் குள்ளம்மாள் வழக்கம்போல ஏனத்தோடு வந்து நின்றார். மாமா நிறைய அள்ளி வைத்தார். அவர் அதை முகர்ந்து, விரலால் கிள்ளி, வாயில் வைத்துப் பல் படாமல் விழுங்கினார்.

"எறங்குது," என்றார். "சாறு எங்க?"