கழுத்தில் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே

எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. ஆவடியில் எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் வருடா வருடம் வாலிபால் போட்டி நடக்கும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பொங்கல் விடுமுறையில், ஓரமாகப் போன பந்தை எடுக்கப் பாய்ந்தேன். பந்தை எடுத்தும் விட்டேன். ஆனால் தலை வலைக் கம்பத்தில் முட்டி, கழுத்து ஒரு பக்கமாக மடங்கியது. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மீதி ஆட்டத்தையும் ஆடினேன். தோற்றோம்.

இரண்டு நாள் கழித்து வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சுருசுருவென்று மரத்துப்போக ஆரம்பித்தன. சட்டைப் பொத்தான் போட்டால் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். தானாகச் சரியாகிவிடும் என்று பத்து நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட டீச்சரான என் மனைவி பதினோராம் நாள் என்னைப் பூந்தமல்லியில் ஒரு நரம்பு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். அவர் கழுத்தை ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார்.

ஸ்கேனுக்கு நகரத்துக்குத்தான் போக வேண்டும். கள்ளிக்குப்பத்தில் ஆட்டோ ஓட்டிய மைத்துனன் சவாரியை விட்டுவிட்டு வந்தான். குழாய் மாதிரி ஒரு மெஷினுக்குள் படுக்கவைத்து, அசையக் கூடாது என்றார்கள். உள்ளே சம்மட்டி அடிக்கிற மாதிரிச் சத்தம். பதினெட்டு வருடம் அந்தச் சத்தத்திலேயே வேலை பார்த்தவனுக்கு அது தாலாட்டாகிவிட்டது. குறட்டைவிட்டுத் தலையை ஆட்டியதால் மறுபடியும் எடுத்தார்கள்.

மறுநாள் ரிப்போர்ட் உறையை வாங்கிக்கொண்டு மனைவியோடு டாக்டரிடம் போகும் வழியில், குமணன்சாவடியில் மைத்துனன் டீக்கடை ஓரமாக ஆட்டோவை நிறுத்தினான். அவன் கண் உறையின் மேலேயே இருந்தது.

"மாமா, பிரிச்சுப் பாத்துடலாம். டாக்டரம்மாவுக்கு முன்ன நாம பாத்தா இன்னா கொறைஞ்சா பூடும்?"

மனைவி பிரித்துப் படித்தாள். கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவே ஏதோ பிதுங்கியிருக்கிறதாம். கழுத்தின் வளைவு போய்விட்டதாம். கடைசியில் 'டீஜெனரேட்டிவ்' என்று ஒரு வார்த்தை. அப்படியென்றால் என்ன என்று மைத்துனன் கேட்டான். சீரழிவது என்று மெல்லச் சொன்னாள். மைத்துனன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்து, சைக்கிள்காரர்கள் எல்லாம் முந்திப்போகிற வேகத்தில், ஒரு பள்ளம் விடாமல் ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினான். பூந்தமல்லி வருவதற்குள் நான் மனதில் வேலையை விட்டு, கைத்தடியும் வாங்கிவிட்டேன்.

டாக்டரம்மா உறையை மேசைமேல் வைத்துவிட்டு முதலில் என்னைத்தான் பார்த்தார். எந்தெந்த விரல் என்று மறுபடி கேட்டார். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார். தன் விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். நேராக நடக்கவிட்டுப் பார்த்தார். அதற்கப்புறம்தான் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார்.

எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பதைப் பேனா முனையால் காட்டினார். அதில் ஒன்று கொஞ்சம் பிதுங்கி, இந்த இரண்டு விரல்களுக்கும் போகிற நரம்பை உரசுகிறது. நான் சொன்ன விரலும் படமும் ஒத்துப்போகின்றன என்றார். தண்டுவடத்தை அது தொடவில்லை. தசை இறுகியதால் வளைவு நிமிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மனைவி அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டாள்.

"நாப்பது வயசுல தலை நரைக்குது இல்லையா? இது கழுத்துக்குள்ள வர்ற நரைம்மா. எனக்கு எடுத்தாலும் இப்படித்தான் எழுதுவாங்க."

ஆபரேஷன் தேவையில்லை, கையில் பலம் குறைந்தாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தாலோ மட்டும் அன்றைக்கே ஓடிவர வேண்டும் என்றார். வெளியே காத்திருந்த மைத்துனனிடம் விஷயத்தைச் சொன்னோம்.

"நரையா? அதுக்கா மாமா நல்ல டீய பாதியில வுட்டுட்டு வந்தேன்?" என்றான்.

இரண்டு வாரம் கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டேன். தலையாட்ட முடியாததால், மேலதிகாரி எது சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ளவில்லை என்றே நினைத்தார். பிறகு தினமும் கழுத்துப் பயிற்சி. ஆள்காட்டி விரல் ஒன்றரை மாதத்தில் தெளிந்தது. கட்டைவிரல் இன்னும் ஒரு மாதம் அடம்பிடித்தது. ஒருநாள் காலை இட்லியைப் பிட்டபோது அந்த விரலில் சூடு சுரீரென்று உறைத்தது. மனைவியிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு இட்லி வைத்தாள்.