நான்கு ஓரங்கள்

என் தம்பி வெண்டெல் முப்பத்தொரு வருடமாகப் பஸ் ஓட்டுகிறான். ஒரு விபத்து கிடையாது. தெருவில் இதை நான் சொல்லாத ஆளில்லை. வீட்டிலும் அவன் அப்படித்தான். கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஹங்கேரியில் வழக்கமான ஜெர்போ என்ற அடுக்குக் கேக் போடும்போது ஈஸ்ட் சேர்த்த மாவை நான்காகப் பிரித்து எடை போடுவான். ஒன்றில் பத்து கிராம் கூடினாலும் கிள்ளி மற்றதில் ஒட்டுவான். ஒவ்வொன்றையும் தட்டின் அளவுக்கே தேய்த்து, இடையிடையே மூன்று முறை ஆப்ரிகாட் ஜாம் தடவி, சர்க்கரை கலந்த வால்நட் பொடியைத் தூவுவான். மேல்மாவை மட்டும் முள்கரண்டியால் குத்த வேண்டும். கல்யாணமான வருடம் அதை மறந்துவிட்டான். மாவு உப்பிவிட்டது.

"தலையணை நல்லா இருக்கு. போர்வை எங்க?" என்று அவன் மனைவி இபோயா சிரித்தது பக்கத்து வீட்டிலிருந்த எனக்கே கேட்டது.

வெந்து ஆறியதும் மேலே சாக்லேட் ஊற்றுவார்கள். அது இறுகியபின் கத்தியை வெந்நீரில் நனைத்து, நான்கு பக்க ஓரத்தையும் சீவிவிட்டுத்தான் துண்டு போடுவது வழக்கம். நேரான துண்டுகள் விருந்தாளிகளுக்கு. ஓரங்கள் வீட்டுக்காரர்களுக்கு. இபோயா பலகை அருகிலேயே நின்று மூன்று ஓரங்களைச் சீவச் சீவப் பறித்துத் தின்பாள். கருகிய நான்காவது ஓரம் வெண்டெலுக்கு.

ஏழு வருடமாக இபோயா எல்லைக்கு அப்பால், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்கிறாள். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே. இந்தக் கிறிஸ்துமஸ் இங்கே என்றிருந்தது. இருபத்து மூன்றாம் தேதி அவளிடமிருந்து போன் வந்தது. அவளுக்கு மாற்றாக வர வேண்டியவள் காலை உடைத்துக்கொண்டாளாம். இனி ஜனவரி பன்னிரண்டுதான்.

"ஜெர்போவ வெட்டிட்டியா?" என்று கேட்டாள்.

"இல்ல. நீ வா."

"அசடு! வர்றவங்களுக்கு என்னத்தக் குடுப்ப?"

வந்தவர்களுக்குக் கடை பிஸ்கட் கொடுத்தான். எதிர்வீட்டு கிஸி விடவில்லை. "என்ன வெண்டெல், சாக்லேட்டுக்குக் காவலா? பார்த்தே பசியாறணுமா நாங்க?"

சிரித்துக்கொண்டே துணியால் தட்டை மூடினான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

இருபத்தேழாம் தேதி, இபோயாவைப் போல வேலைக்குப் போகும் பெண்களை கிராட்ஸுக்கு ஏற்றிப் போகும் வேன் புறப்படுகிறது என்று தெரிந்ததும் கத்தியை வெந்நீரில் போட்டான். நல்ல துண்டுகள் மொத்தமும் கிஸிக்கும் எனக்கும் வந்தன. ஓரங்களைத் தகர டப்பாவில் அடுக்கி, வேன் ஓட்டும் ஃபெர்கோவிடம் கொடுத்தான். அவன் மூடியைத் திறந்து பார்த்தான்.

"அண்ணே, வெறும் ஓரமா இருக்கு! நல்லதெல்லாம் நீங்களே முழுங்கிட்டீங்களா? அண்ணி என்னைத்தான் உதைப்பாங்க."

"துண்டு விருந்தாளிக்குப்பா. அவ விருந்தாளியா?"

மறுநாள் போன் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். முதலில் மெல்லும் சத்தம்தான் கேட்டது.

"வெண்டெல், நாலு ஓரமும் வந்திருக்கு. கருகினது உன்னோடதுல்ல?"

"நீயே தின்னு."

"மாட்டேன். தனியா எடுத்து வச்சிட்டேன். வரும்போது கொண்டு வரேன். பக்கத்துல நின்னு நீ தின்னறதைப் பார்க்கணும்."

வெண்டெல் ஏற்கெனவே துடைத்த கத்தியை எடுத்து மறுபடி துடைத்தான்.

இறுக மூடி வைத்தால் ஜெர்போ மூன்று வாரம் கெடாது. அவள் வரப் பதினைந்து நாள். காலண்டரில் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் என் வீட்டுக்குத் திரும்பினேன்.