சுண்டைக்காய்ப் படிகம்

சுண்டைக்காயையும் ஈர்க்குச்சியையும் கொண்டு மதினி செய்த அந்தப் படிகம் உள்ளங்கையில் அடங்கிவிடும். எட்டு மூலைக்கு எட்டுக் காய், நடுவில் ஒன்று. நான் மதுரையில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்த காலம். திடப்பொருள் இயற்பியலின் உயர்நிலைத் தாள் என்னைப் பாடாய்ப் படுத்தியது. முதல் தேர்வில் கோட்டைவிட்டேன். வெள்ளிக்கிழமை ரயிலில் எங்கள் ஊர் உச்சிப்புளிக்கு வந்ததும் புத்தகத்தை மதினியிடம் கொடுத்துவிட்டு அழுவேன்.

மதினி என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவள். மேலே படிக்க வைக்கிறோம் என்று பெண் பார்த்த அன்று சொன்னவர்கள் நாங்கள்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவளாகவே அந்தப் பேச்சை எடுத்தபோது, "சோறு யாரு பொங்குறது?" என்று அம்மா கேட்டதோடு அது முடிந்தது. அதனால்தானோ என்னவோ, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, பச்சைப் பிள்ளையை வாங்குவதுபோல என் புத்தகத்தை வாங்குவாள். "எனக்கும் வெளங்கலதான் புள்ள. ரெண்டு பேருமா மண்டைய ஒடைப்போம்" என்பாள். ஒருபக்கம் உலை கொதிக்கும், நாங்கள் சமன்பாட்டில் கிடப்போம். ஒருநாள், படிகத்தில் அணுக்கள் எப்படிச் சேர்ந்து அதிர்கின்றன என்பது எனக்கு ஏறவே இல்லை. அன்றைக்குத்தான் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவி இதைச் செய்தாள். ஒரு மூலைக் காயை விரலால் சுண்டினாள். ஒன்பதும் நடுங்கின. "பாத்தியா, ஒண்ணத் தொட்டா மத்தது சும்மா இருக்க மாட்டேங்குது!" பாடம் பிடிபட்டது எனக்கு, பூரித்துப்போனது அவள்.

மறுநாள் அம்மா அதைப் பிய்த்துப் புளிக்குழம்பில் போட்டுவிட்டாள். "குழம்புக்குத்தான் அங்கன வச்சிருக்கீகன்னு நெனச்சேன்" என்றாள். சத்தியமாகத் தெரியாமல்தான். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மதினியும் சிரித்தாள். ஆனால் சாப்பிட்டு முடித்தும் ஒரு காயை மட்டும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்து, கை காயக் காய அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் அதைப் பார்த்தாள். பாஸானதும் வெடுக்கென்று சொன்னேன்: "இது மதினி வாங்குன மார்க்கும்மா. மதினியயும் காலேஜ்ல சேத்து விடு." அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள்.

வருடங்கள் ஓடிவிட்டன. சென்னையில் ஒரு கல்லூரியில் அதே பாடத்தை நான் நடத்துகிறேன். மதினி இந்த வருடம்தான் எம்.எஸ்ஸி. சேர்ந்திருக்கிறாள். எப்படிச் சம்மதித்தாய் என்று போனில் கேட்டால் அம்மா பேச்சை மாற்றிவிடுவாள். போன வாரம் ஊருக்குப் போனேன். மதினி வகுப்புக்குப் போயிருந்தாள். அடுப்படியில் அம்மா தனியாகச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பிரிட்ஜ் மேல் பச்சைப் பசேலென்று ஒரு சுண்டைக்காய்ப் படிகம். சுண்டிப் பார்க்கக் கையை நீட்டினேன்.

"ஏத்தா, அதத் தொடாத" என்றாள் அம்மா. "அவ வந்து படிக்கணும். அதான் நான் கத்தரிக்காயப் போட்டுக் குழம்பு வச்சுட்டேன்."