கையில் சிக்காத கோல்

“பாதுகாப்புக் கருதி, பயணி இருக்கையின் முன்னுள்ள கட்டுப்பாட்டுக் கோலைக் கழற்றிவிடுவது கட்டாயம்.” கும்பாபிஷேகத்தன்று கோபுரத்தின் மேல் பூத்தூவ ஹெலிகாப்டரை வாடகைக்குப் பேசியபோது, கம்பெனியிலிருந்து கோயில் கமிட்டிக்கு வந்த கடிதத்தில் இந்த வரி இருந்தது. விமானங்களைப் பற்றி நிறையப் படித்தவன் என்று முன் இருக்கையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். அதனால் அந்த வரி எனக்கு அவமானமாகப் பட்டது.

திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு பொட்டலில் ஏறி உட்கார்ந்ததும் பைலட்டிடம் கேட்டேன்: “உங்களுக்குத் திடீர்னு மயக்கம் வந்துட்டா யாரு சார் ஓட்டுறது?”

“நீங்க ஓட்டுவீங்களா சார்?”

“எல்லாம் படிச்சிருக்கேன்.”

பின் இருக்கையில் மல்லிகைக் கூடையைக் கட்டிப்பிடித்திருந்த என் அக்கா வீட்டுக்காரர் சிரித்தார். “மாப்ள, மொபெட்டையே மாட்டுத்தொழுவத்துக்குள்ள விட்ட ஆளு நீ. செத்த நேரம் சும்மா வாரியா?”

ஹெலிகாப்டர் எழும்பியது. கோபுரத்தருகே சாய்ந்து திரும்பியபோது, கீழே நின்ற கூட்டம் என் பக்கக் கண்ணாடி முழுக்க நிறைந்தது. என் இரண்டு கைகளும் என்னைக் கேட்காமலே பாய்ந்து, கோல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்றைப் பிடித்து, பலங்கொண்ட மட்டும் இழுத்தன.

பின்னாலிருந்து மச்சான் கத்தினார்: “ஏலே, என்னத்தடா இழுக்குற?”

பூ மட்டும் விழுந்தது. கோல் இருந்திருந்தால் அந்தச் சனத்தின் மேல் நாங்களும் விழுந்திருப்போம்.

இதற்கு முன் யார் கோலை இழுத்ததால் அந்த விதி வந்தது என்று அன்றிலிருந்து தேடுகிறேன். அவரும் நிறையப் படித்தவராகத்தான் இருக்க வேண்டும். இதை இன்னும் உறுதிப்படுத்த முடியவில்லை.